இன்னொரு ராத்திரி கொடுங்கள்: என்.சி.ஏ.ஏ. பெண்கள் ஐஸ் ஹாக்கிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மார்ச் 23 அன்று மினியாபொலிஸ் ரிட்டர் அரங்கில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியைப் பற்றி உங்களுக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கும். கொலம்பஸ் பக்கத்திலிருந்து வந்தவற்றில் முக்கால்வாசி நடுவர்களைத் திட்டித்தான் இருக்கும். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திடம் தோற்ற அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நடுவர்கள் மேல் எனக்குப் புகார் எதுவும் கிடையாது. அவர்கள் செய்தது சரி. உங்களிடம் நான் கேட்க வந்தது வேறு: இறுதிப் போட்டியை ஒரே ஆட்டத்தில் முடிப்பதை விடுங்கள். மூன்று ஆட்டத் தொடராக்குங்கள். இரண்டில் வென்றவருக்குக் கோப்பை.

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். தமிழில் இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு ஐஸ் ஹாக்கி அவ்வளவு பழக்கமில்லை என்பதால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோலி. மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடத்தில் ஒஹாயோ ஸ்டேட் 3-2 என்று முன்னால் நிற்கிறது. விஸ்கான்சின் தன் கோலியை வெளியே வரச்சொல்லிவிட்டு, ஆறாவது ஆளைத் தாக்குதலுக்கு இறக்குகிறது. ஒரு கோல் பின்தங்கிய எந்த அணியும் கடைசியில் ஆடுகிற சூதாட்டம் இது. கோலுக்கு முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை, கோலியின் இடமாக நீலத்தில் வரைந்திருக்கும் அரைவட்டத்துக்குள் கிடக்க, ஒஹாயோ ஸ்டேட் வீராங்கனை ஒருவரின் கை அதை மூடிக்கொள்கிறது. ஆட்டம் நின்றது. விஸ்கான்சின் பயிற்சியாளர் மார்க் ஜான்சன் வீடியோவைப் பார்க்கச் சொன்னார். நடுவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். பெனால்டி ஷாட் கொடுத்தார்கள்.

பெனால்டி ஷாட் என்றால் மைதானத்தில் மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட வேண்டும். நடுவட்டத்தில் பக்கை வைப்பார்கள். ஒருத்தி தனியாக எடுத்துக்கொண்டு போவாள், எதிரே கோலி மட்டும். விஸ்கான்சின் அனுப்பியது கர்ஸ்டன் சிம்ஸை. ஒஹாயோ ஸ்டேட் கோலி அமாண்டா தீலி. கடிகாரத்தில் மிச்சம் 18.9 நொடி. சிம்ஸ் போட்டுவிட்டார். 3-3. கூடுதல் நேரத்தில் முதல் கோல் யாருடையதோ அவர்களுக்கே வெற்றி. அதில் 2 நிமிடம் 49 நொடியில் மறுபடியும் சிம்ஸ். 4-3. விஸ்கான்சினுக்கு எட்டாவது பட்டம். 38 வெற்றி, 1 தோல்வி, 2 சமன் என்று அவர்கள் ஆண்டை முடித்தார்கள்.

அடுத்த நாளிலிருந்தே எங்கள் பக்கத்தில் ஒரே பேச்சு: இருபது நொடி இருக்கையில் அப்படி ஒரு தண்டனையா, கூட்டத்தில் கை பட்டதற்கு ஒரு கோலையே கொடுப்பதா, விதியை மாற்ற வேண்டாமா என்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது. கோலியைத் தவிர வேறு யாரும் அந்த வட்டத்துக்குள் பக்கைக் கையால் மூடக்கூடாது என்பது நேற்று வந்த விதி இல்லை. அதற்குப் பெனால்டி ஷாட் கொடுப்பதிலும் நியாயம் இருக்கிறது. அங்கே பக் கிடந்தால் அடுத்த தட்டலில் கோல். அந்த வாய்ப்பைக் கையால் பறித்தால், வாய்ப்பையே திருப்பிக் கொடுக்க வேண்டும்; இரண்டு நிமிடம் ஓர் ஆளை வெளியே உட்கார வைப்பது போதாது, அதுவும் இரண்டு நிமிடமே இல்லாதபோது. முதல் பகுதியில் இது தப்பென்றால் கடைசி 20 நொடியிலும் தப்புதான். கடைசி நிமிடத்துக்கென்று தனிச் சலுகை வைத்தால், கடைசி நிமிடத்தில் எல்லோரும் பக் மேல் படுத்துக்கொள்வார்கள்.

நம் வாசகர்களுக்கு 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கும். ஆட்டமும் சூப்பர் ஓவரும் சமன், பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பை. அந்த விதி அபத்தமானது, ஐ.சி.சி. சில மாதங்களில் அதை எடுத்துவிட்டது, நல்லதுதான். பவுண்டரி எண்ணிக்கைக்கும் யார் நன்றாக ஆடினார் என்பதற்கும் சம்பந்தமில்லை. இங்கே நிலைமை அது அல்ல. விதி சரி, நடைமுறை சரி, தீர்ப்பும் சரி. ஆகவே விதிக் குழுவிலிருக்கும் உங்கள் சகாக்களிடம் யாராவது இந்த விதியைத் தளர்த்தச் சொல்லி வந்தால், தோற்ற அணியின் ரசிகர்களிலேயே ஒருவர் வேண்டாம் என்றார் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தக் கைக்குரிய வீராங்கனையின் பெயர் செய்திகளில் வந்தது. நான் எழுதப்போவதில்லை. அவர் செய்தது அனிச்சையாகச் செய்தது. கோல் முன்னால் விழுந்து கிடப்பவருக்கு மேலே எத்தனை ஸ்டிக், அடியில் எங்கே பக் என்று யோசிக்க அவகாசம் ஏது? ஆண்டு முழுவதும் ஆடிய ஒரு மாணவியின் பெயர், அரை நொடியில் கை போன இடத்தை வைத்து ஊர் வாயில் விழுகிறதென்றால், போட்டியின் அமைப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது. அவ்வளவு பாரத்தை அரை நொடியின் தலையில் ஏற்றியது யார்? நடுவர்கள் அல்ல. எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் முடிக்கும் உங்கள் அட்டவணைதான்.

கடைசி மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2023, டுலூத், ஆம்ஸாய்ல் அரங்கம்: விஸ்கான்சின் 1, ஒஹாயோ ஸ்டேட் 0. 2024, நியூ ஹாம்ப்ஷயரில் டர்ஹம்: ஒஹாயோ ஸ்டேட் 1, விஸ்கான்சின் 0. 2025: விஸ்கான்சின் 4, ஒஹாயோ ஸ்டேட் 3. மூன்று ஆண்டும் அதே இரண்டு அணி, மூன்று ஆண்டும் ஒரே கோல் வித்தியாசம். 2023-இல் அந்த ஒற்றை கோலைப் போட்டவர் முதலாண்டு மாணவி ஒருவர். அவர் பெயர் கர்ஸ்டன் சிம்ஸ். ஆமாம், அதே சிம்ஸ். இந்தப் பெண் எங்களுக்கென்றே வாய்த்திருக்கிறார். 2024-இல் எங்கள் ஒற்றை கோலைப் போட்ட ஜாய் டன்னும் முதலாண்டு மாணவிதான். மூன்று ஆட்டத்தையும் கூட்டினால் 182 நிமிடம் 49 நொடி, ஒன்பது கோல்: அவர்கள் ஐந்து, நாங்கள் நான்கு.

நீங்கள் நடத்தாத மூன்று ஆட்டத் தொடரை அந்த மாணவிகள் தாங்களாகவே, ஆண்டுக்கு ஒன்றாக, ஆடி முடித்துவிட்டார்கள். அதில் விஸ்கான்சின் 2-1 என்று வென்றுவிட்டது. எனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை, கணக்கு அப்படி வந்தால் அப்படித்தான். ஆனால் ஒரு தொடர் எவ்வளவு பிரமாதமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை 1-0. சனிக்கிழமை 0-1. ஞாயிற்றுக்கிழமை கடைசி 18.9 நொடியில் பெனால்டி ஷாட். எந்தத் தொலைக்காட்சி வேண்டாம் என்று சொல்லும்?

இந்த விளையாட்டில் ஒற்றை ஆட்டத்தை நம்புவது கொஞ்சம் ஆபத்தானது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கோல் விழுவது அரிது. நல்ல கோலி வருகிற ஷாட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தடுத்துவிடுவார். மிச்சம் இருப்பவற்றில் எத்தனை யாருடைய முழங்காலிலோ ஸ்கேட்டிலோ பட்டுத் திரும்பியவை என்று எண்ணினால் திகைப்பாக இருக்கும். 2021 இறுதிப் போட்டியில் நார்த்ஈஸ்டர்ன் அணிக்கு நேர்ந்தது அதுதான். அவர்கள் கல்லூரி முதல் தடவையாக இறுதிக்கு வந்திருந்தது. அந்த ஆண்டின் தலைசிறந்த வீராங்கனைக்கான பாட்டி காஸ்மையர் விருது பெற்ற ஏரின் ஃப்ராங்கல்தான் அவர்களின் கோலி. 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. விஸ்கான்சினின் டேரில் வாட்ஸ் கோலுக்குப் பின்பக்கத்திலிருந்து பக்கை முன்னால் அடித்தார். அது நார்த்ஈஸ்டர்ன் வீராங்கனை ஒருவர் மேல் பட்டு உள்ளே போய்விட்டது. 2-1. ஆட்டம் முடிந்தது, ஆண்டும் முடிந்தது. வாட்ஸ் பெரிய ஆட்டக்காரர், வேண்டுமென்றே அங்கிருந்து அடித்திருக்கக்கூடியவர்தான். இருந்தாலும் நார்த்ஈஸ்டர்ன் பெண்களுக்கு மறுநாள் ஒரு ஆட்டம் இருந்திருக்க வேண்டும் என்று அன்றே பட்டது. அப்போது தோற்றது என் அணி இல்லை என்பதையும் கவனியுங்கள்.

சரி, தொடர் என்று இருந்தால் என்ன நடக்கும்? அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் கல்லூரிகளில் ஆடிவிட்டுப் போனவர்களே ஆடுகிற பி.டபிள்யூ.எச்.எல். என்ற தொழில்முறைப் பெண்கள் லீக் 2024 ஜனவரியில் தொடங்கியது. முதல் ஆண்டு இறுதி, ஐந்து ஆட்டத் தொடர்: மினசோட்டாவும் பாஸ்டனும். மினசோட்டா 2-1 என்று முன்னிலையில். நான்காவது ஆட்டம் செயின்ட் பால் நகரில், சொந்த ஊரில். 0-0 என்று இரண்டாவது கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. மினசோட்டாவின் சோஃபி ஜாக் கோல் போட்டார். கையுறைகளும் ஹெல்மெட்டுகளும் காற்றில் பறந்தன. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். கோப்பை கையில் வந்த மாதிரிதான். வீடியோவைப் பார்த்த நடுவர்கள், கோலிக்கு இடைஞ்சல் செய்தார்கள் என்று கோலை ரத்து செய்தார்கள். உதறிய கையுறைகளைத் தேடி மாட்டிக்கொண்டு மறுபடி ஆட வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் சொச்சத்தில் பாஸ்டனின் அலீனா முல்லர் கோல் போட்டு ஆட்டத்தை முடித்தார். தொடர் 2-2.

இதைவிடக் கொடுமையான தோல்வி இருக்க முடியுமா? மார்ச் 23-இல் நடந்ததுகூட இதற்கு அடுத்தபடிதான். ஆனால் மூன்று நாள் கழித்து, மே 29 அன்று, மாசசூசெட்ஸில் லோவெல் நகரில் ஐந்தாவது ஆட்டம் இருந்தது. மினசோட்டா அங்கே போய் 3-0 என்று ஜெயித்தது. முதல் கோலைப் போட்டவர் லிஸ் ஷெப்பர்ஸ். சோஃபி ஜாக், லிஸ் ஷெப்பர்ஸ் இருவரும் 2022-இல் ஒஹாயோ ஸ்டேட் முதல் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தவர்கள். அடுத்த ஆண்டு ஜாக் காஸ்மையர் விருது பெற்றார். டுலூத்தில் 1-0 என்று தோற்ற அணியிலும் இருந்தார். கல்லூரியில் அந்த ஒரு கோலுக்குப் பதில் சொல்ல அவருக்கு இன்னொரு ராத்திரி கிடைக்கவில்லை. தொழில்முறை லீக்கில் கிடைத்தது. ரத்தான கோலைப் பற்றி இன்றைக்கு யாரும் கண்ணீர் வடிப்பதில்லை. அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். தீர்ப்பு மாறவில்லை, அந்த நடுவர்களை யாரும் விரட்டவும் இல்லை. அடுத்து ஒரு ஆட்டம் இருந்தது, அதனால்தான்.

இது எங்களுக்குச் சாதகமாகக் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். தொடர் என்றால் பலசாலிக்குத்தான் வசதி. 38-1-2 என்று ஆண்டை முடித்த அணியோடு மூன்று ஆட்டம் ஆடச்சொன்னால் நாங்கள் இன்னும் தெளிவாகத் தோற்றிருக்கலாம். 2024-இல் ஜாய் டன்னின் ஒரு கோலுக்கும் ரேகன் கர்க் கோலில் நின்ற நிற்புக்கும் கிடைத்த கோப்பை, தொடரில் கைநழுவியிருக்கலாம். இருக்கட்டும். இரண்டாவது ஆட்டம் முடிகிற வரைக்கும் ஆடிவிட்டுத் தோற்கிறோம்.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் வருகிறது. 2001 முதல் இதுவரை 24 பட்டங்கள் கொடுத்திருக்கிறீர்கள். 2020-இல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. அந்த 24-ஐயும் வாங்கியவை ஐந்தே கல்லூரிகள்: விஸ்கான்சின் 8, மினசோட்டா 6, மினசோட்டா டுலூத் 5, கிளார்க்சன் 3, ஒஹாயோ ஸ்டேட் 2. இப்போதே இப்படி இருக்கையில், பலசாலிக்கு இன்னும் கை கொடுப்பதா? சின்னக் கல்லூரிக்கு ஒரு ராத்திரி அதிர்ஷ்டமாவது மிஞ்ச வேண்டாமா? நியாயமான கேள்வி, நானும் இதில் நிறைய நேரம் மாட்டிக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு ஆட்டத்தில் 60 ஜெயிக்கக்கூடிய அணிக்கு, மூன்றில் இரண்டு என்ற தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 65. அவ்வளவுதான். சின்ன அணியின் வாய்ப்பு 40-இலிருந்து 35-ஆகிறது. ஏழு ஆட்டத் தொடர் என்றால் கதை வேறு, அதை நான் கேட்கவில்லை. மூன்று ஆட்டத்தில் சின்னவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. பெரியவருக்குப் பெரிய லாபமும் இல்லை. யார் சிறந்தவர் என்று அறிவியல் முறையில் கண்டுபிடிக்க நான் தொடர் கேட்கவில்லை. ஒரு தீர்ப்போ, ஒரு தெறிப்போ, அரை நொடியில் நகர்ந்த ஒரு கையோ ஓர் ஆண்டின் கடைசி வார்த்தையாக இருக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

ஒற்றை ஆட்டத்தின் பரபரப்பு போய்விடுமே என்பார்கள். அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி என்றாலே ஞாபகம் வருவது ஒரு ஒற்றை ஆட்டம்தான்: 1980, லேக் பிளாசிட், கல்லூரிப் பையன்கள் சோவியத் யூனியனை 4-3 என்று வென்றது. அதே சோவியத் அணி, ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு நியூயார்க்கில் அவர்களை 10-3 என்று துவைத்து எடுத்திருந்தது. மூன்று ஆட்டத் தொடர் என்றிருந்தால் அந்த அதிசயம் நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதில் அமெரிக்காவுக்கு இரண்டு கோல் போட்டவர் யார் தெரியுமா? விஸ்கான்சின் பயிற்சியாளராக இன்றைக்கு நிற்கும் அதே மார்க் ஜான்சன். ஒரு கோலை, முதல் பகுதி முடிய ஒரே ஒரு நொடி இருக்கையில் போட்டார். சோவியத் பயிற்சியாளர் திகைத்துப்போய், உலகின் தலைசிறந்த கோலி என்று பேரெடுத்த ட்ரெட்யாக்கையே மாற்றிவிட்டார். கடைசி நொடிக்கு எவ்வளவு மதிப்பு என்று ஜான்சனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மார்ச் 23-இல் 18.9 நொடி இருக்கையில் வீடியோவைப் பார்க்கச் சொல்ல அவருக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் ஒலிம்பிக்ஸ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டே வாரத்துக்குள் பன்னிரண்டு நாடுகளை வைத்து நடத்துவது. அங்கே தொடருக்கு இடமே இல்லை. கல்லூரி ஹாக்கி வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டம், சனிக்கிழமை அதே எதிரணியோடு அதே ரிங்கில், அதாவது பனித்தளத்தில், இன்னொன்று என்பதுதான் செப்டம்பரிலிருந்து இவர்களுடைய வாழ்க்கை. முதல் நாள் தோற்றவர்கள் மறுநாள் பழி தீர்ப்பார்கள். முதல் நாள் சொதப்பிய கோலி மறுநாள் சுவராக நிற்பார். விஸ்கான்சினும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆடும் டபிள்யூ.சி.எச்.ஏ. கூட்டமைப்பின் போட்டித் தொடரில் முதல் சுற்றே மூன்று ஆட்டத் தொடர்தான். அதாவது, எட்டாம் இடத்து அணிக்குக்கூட முதலிடத்து அணியிடம் முதல் நாள் தோற்றால் மறுநாள் ஒரு வாய்ப்பு உண்டு. தேசிய இறுதியில் ஆடும் அணிக்கு இல்லை. எனக்கு இது புரிந்ததே இல்லை.

உங்கள் என்.சி.ஏ.ஏ. குடும்பத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. ஓமஹாவில் நடக்கும் ஆண்கள் பேஸ்பால் இறுதி 2003 முதல் மூன்று ஆட்டத் தொடர். ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் பெண்கள் சாஃப்ட்பால் இறுதி 2005 முதல் அப்படியே. பெண்கள் விளையாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்று யாராவது ஆரம்பித்தால் சாஃப்ட்பாலைக் காட்டுங்கள். கல்லூரி ஹாக்கிக்கும் இது புதிதல்ல: ஆண்கள் தேசியப் போட்டியிலேயே 1980-களின் இறுதியில் ஆரம்பச் சுற்றுகளை மூன்று ஆட்டத் தொடராக நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

நாள் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. இந்த ஆண்டு பெண்கள் இறுதி மார்ச் 23-இல் முடிந்தது. ஆண்கள் இறுதி செயின்ட் லூயிஸில் ஏப்ரல் 12 அன்று. இடையில் கிட்டத்தட்ட மூன்று வாரம். அரையிறுதிகளை ஒரு வார இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள், அவை ஒற்றை ஆட்டமாகவே இருக்கட்டும். அடுத்த வெள்ளி, சனி, தேவைப்பட்டால் ஞாயிறு என்று இறுதித் தொடர். தரவரிசையில் மேலே உள்ள அணியின் சொந்த ரிங்கிலேயே நடத்துங்கள். காலிறுதிகளை இப்போதே அப்படித்தானே நடத்துகிறீர்கள்? விஸ்கான்சினின் ஊரான மாடிசனில் பெண்கள் அணிக்கென்றே கட்டிய லபான் அரங்கம் இருக்கிறது, மூன்று ராத்திரியும் நிரம்பி வழியும். எங்கள் பெண்கள் ஆடும் ரிங்கில் 1,500 பேர்கூட உட்கார முடியாது என்பது தெரியும். ஆண்கள் அணி ஆடும் பெரிய அரங்கம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது, மூன்று நாளைக்குத் திறந்துவிடச் சொன்னால் எங்கள் கல்லூரி மாட்டேன் என்றா சொல்லும்? சொன்னால் அதற்குத் தனியாக ஒரு மடல் எழுதிக்கொள்கிறேன்.

செலவு கூடும். விமானம், ஹோட்டல், நடுவர்கள், எல்லாம் கூடும். ஆனால் அணிகள் இரண்டே இரண்டு. பயணம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கணக்குப் பார்க்க உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். படிப்பு கெடும் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், இவர்கள் மாணவிகள். ஒரு வார இறுதி கூடுதல். அதை ஈடுகட்ட, பருவத்தின் ஆரம்பத்தில் யாரும் கவனிக்காத ஒரு வார இறுதியைக் குறைத்துவிடலாம்.

தொலைக்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் 23 ஆட்டம் ஈ.எஸ்.பி.என்.யு. சேனலில் போனது. அங்கே அப்படி ஓர் ஆட்டம் நடக்கிறது என்பதே, முடிந்த பிறகு பெனால்டி ஷாட் வீடியோ கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. தொடராக இருந்திருந்தால் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மறுநாள் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க எத்தனை பேர் இருந்தார்கள் அந்தப் பனியில்! அந்த ஆண்டின் காஸ்மையர் விருது பெற்ற கேசி ஓப்ரையன். அமெரிக்கத் தேசிய மகளிர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பினப் பெண்ணான லைலா எட்வர்ட்ஸ். இவர் கிளீவ்லண்ட் ஹைட்ஸ்காரர், எங்கள் ஒஹாயோ மாநிலத்துப் பெண், விஸ்கான்சினுக்கு ஆடுகிறார். அதை நினைத்தால் தனியாக ஒரு வயிற்றெரிச்சல். எங்கள் பக்கம் ஜாய் டன். இவர்களையெல்லாம் ஒன்றாக ஒரே ஒரு ராத்திரி மட்டும் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது வியாபாரமாகப் பார்த்தாலும் புத்திசாலித்தனம் இல்லை.

உங்கள் குழு இந்தக் கோரிக்கையை உடனே ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவில்லை. 8 அணிகளாக இருந்த தேசியப் போட்டியை 11 ஆக்கவே 2022 வரை ஆனது. நான் கேட்பது முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு வரியாகச் சேர்த்து, எல்லா அணிகளின் பயிற்சியாளர்களிடமும் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். அணித் தலைவிகளிடமும் கேளுங்கள், ஆடப்போவது அவர்கள்தான். மார்க் ஜான்சனிடமும் எங்கள் பயிற்சியாளர் நடீன் மஸராலிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் பதில் இன்னொருவருக்குத் தெரியாமல். 2023-இல் 1-0 என்று தோற்றவர், 2024-இல் 1-0 என்று தோற்றவர், இருவருக்குமே இதில் சொல்ல நிறைய இருக்கும். இருவரும் ஒற்றை ஆட்டமே போதும் என்று சொன்னால், இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஒருவராவது இன்னொரு ராத்திரி வேண்டும் என்று சொன்னால், இரண்டு ஆண்டுக்குச் சோதனை முறையில் நடத்திப் பார்க்கத் தேதி குறியுங்கள்.

அந்தத் தொடரில் எங்களுக்கு எதிராக மறுபடியும் விஸ்கான்சின் வந்தாலும் பரவாயில்லை. கர்ஸ்டன் சிம்ஸ் மட்டும் அதற்குள் படிப்பை முடித்துவிட்டுப் போயிருந்தால் நல்லது.

இப்படிக்கு,
கொலம்பஸிலிருந்து
ஓர் ஒஹாயோ ஸ்டேட் ரசிகன்